இருநூறு கிலோமீட்டரில் கடைசி ஐம்பது

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 41. தினமும் பள்ளிக்கூட வேலைக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். தை மாதம் கோவையில் தொடங்கி வாளையார், பாலக்காடு, ஒற்றப்பாலம், ஷொரணூர் வழியாகச் செறுதுருத்தி வரை போய்த் திரும்பும் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது கியர் உள்ள ஹைபிரிட் சைக்கிள். என்னால் முடியுமா? எல்லோருக்கும் கடைசியாக வந்து நின்றால் என்ன செய்வது?

பதில்:

முடியும். தை பிறக்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற கால்களுக்கு அந்த அவகாசம் போதும். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டு, அந்தப் பயத்தாலேயே விடியற்காலையில் வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பிஆர்எம்மில் கடைசி என்று ஓர் இடமே கிடையாது. அந்தப் பெயரின் முதல் சொல்லான பிரெவே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சான்றிதழ் என்று பொருள். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் சொந்த முயற்சியில் கடந்தார் என்பதற்கான சான்று, அவ்வளவுதான். 1897-இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிக் கடக்கக் கிளம்பினார்கள். துணிச்சல்காரர் என்று பொருள்படும் ஆடாக்ஸ் என்ற லத்தீன் பெயர் இந்த ஓட்டங்களுக்கு வந்தது அங்கிருந்துதான். 1904-இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்தான் இன்றும் உலகெங்கும் நடக்கும் பிஆர்எம்களைப் பதிவு செய்து, முடித்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கிறது. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழ் ஊர்க்குழுக்கள் இவற்றை நடத்துகின்றன. எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும் 13 மணி 29 நிமிடத்தில் வந்தவருக்கும் கிடைப்பது ஒரே சான்று. முதல் பரிசு இல்லை, மேடை இல்லை. நேரம் முடிகிற தறுவாயில் வருகிறவருக்காக மொத்தக் குழுவும் தெருமுனை வரை வந்து காத்து நிற்பதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வழித்தடம். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் நீங்கள் போய்த் திரும்பப் போகிறீர்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரை அதில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். நம் வீடுகளில் கீழ்க்காற்று என்போம். கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. வரப்புப் பனைகளின் ஓலை இரவெல்லாம் சலசலக்கும் அந்த மாதங்களில்தான் உங்கள் ஓட்டம் வருகிறது.

இதோடு மேடு பள்ளத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு ஏறத்தாழ 80 மீட்டரில். போகும்போது இறக்கம், முதுகில் காற்று. பெடலை மிதிக்காமலேயே வண்டி ஓடும். எட்டிமடை, கந்தேகவுண்டன்சாவடி, வாளையார் எல்லாம் வருவது தெரியாமல் வந்து போகும். உடம்பு புதிது, குளிர்ந்த காலை, பக்கத்தில் ஐம்பது பேர். மணிக்கு 28, 30 கிலோமீட்டர் வேகம் காட்டும்போது "நாம் நினைத்ததைவிட நன்றாக ஓட்டுகிறோமே" என்று மனம் சொல்லும். அதை நம்பாதீர்கள். அந்த வேகத்தில் பாதி காற்றுக்கும் சரிவுக்கும் சொந்தமானது. திரும்பி வரும்போது இரண்டும் தங்கள் பங்கைக் கேட்கும்.

எவ்வளவு கேட்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளும் காற்றின் தடை, காற்றோடு சேர்ந்த வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அசையாத காற்றில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது உள்ள தடை, எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசும்போது நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் காலையில் 28-இல் பறந்தவர் மாலையில் கஞ்சிக்கோட்டில் 11-இல் ஊர்கிறார். அவருடைய கால் மாறவில்லை.

என் முதல் 200-ஐ நானும் இதே தடத்தில்தான் ஓட்டினேன். காலை 6 மணிக்குக் கிளம்பி, 10.15-க்கெல்லாம் செறுதுருத்திப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். பாதி தூரம் நாலேகால் மணி நேரத்தில். பெருமை தாங்கவில்லை. ஒரு ஓட்டலில் உட்கார்ந்து மட்டையரிசிச் சோறு, சாம்பார், அவியல், பாயசம் என்று சாப்பிட்டு, வீட்டுக்குப் போன் செய்து, 11.25-க்கு எழுந்தேன். பாலக்காடு வரை ஒப்பேற்றிவிட்டேன். சந்திரநகரைத் தாண்டி நெடுஞ்சாலை கிழக்கே திரும்பியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல் நின்றது. மிதிப்பதை நிறுத்தினால் ஐந்தாறு மீட்டரில் வண்டி நின்றுவிடுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் முகத்துக்கு நேரே சுழன்றுகொண்டிருந்தன. போதாததற்குப் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுச்சேரியில் பஞ்சர். கோவையில் ஓட்டத்தின் சான்றுக் கார்டில் நேரம் எழுதியபோது 13 மணி 22 நிமிடம். எட்டு நிமிட இடைவெளியில் தப்பினேன். ஓட்டலில் உட்கார்ந்திருந்த அந்த 70 நிமிடத்தை எண்ணி எண்ணித்தான் வாளையாரிலிருந்து கோவை வரை மிதித்தேன்.

ஆகவே மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டம் பாலக்காட்டிலிருந்து கோவை திரும்பும் அந்த 50 கிலோமீட்டர்தான். முதல் 150 கிலோமீட்டரை அதற்கான தயாரிப்பாகவே ஓட்டுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 6 மணிக்குக் கிளம்பி, பாலக்காட்டை 8.15-க்குத் தொட்டால் போதும். அதைவிட வேகமாகப் போக முடிகிறது என்றால் இன்னும் இலேசாக மிதியுங்கள், நேரத்தைக் குறைக்க முயலாதீர்கள். பத்து நிமிடம் நின்று கிளம்பினால் 11 மணியளவில் செறுதுருத்தி. அரைமணி நேரம் ஓய்வு, அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். திரும்பும்போது மணிக்கு 18 கிலோமீட்டர் கணக்கில் பிற்பகல் 2.20 வாக்கில் பாலக்காடு. இருபது நிமிடம் நின்று 2.40-க்குக் கிளம்புங்கள். காற்றில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று வைத்து, நடுவில் 25 நிமிடம் நின்றாலும், 7 மணிக்கு முன் கோவையில் இருப்பீர்கள். கடைசி நேரம் 7.30. ஒரு பஞ்சருக்கும் ஒரு வழி தவறலுக்கும் அந்த அரைமணி ஈடுகொடுக்கும்.

நடுவழியில் கன்ட்ரோல் என்று சொல்லும் சோதனை மையங்களுக்கும் மூடும் நேரம் உண்டு. 100 கிலோமீட்டர் மையம் கிளம்பியதிலிருந்து 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். உங்களுக்கு அது 12.40. ஒருமுறை அந்த நூறாவது கிலோமீட்டர் மையத்தில் முத்திரை குத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. காலை 9.30-க்கே வந்த இளைஞர்கள் சிலர் நிழலில் படுத்திருந்தார்கள். அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் 12.20-க்கு வந்தார். கார்டை நீட்டினார், முத்திரை வாங்கினார், நின்றுகொண்டே இலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டார், இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் பிடித்தார், கிளம்பிவிட்டார். ஆறு நிமிடம்தான் ஆனது. அன்று மாலை 7.05-க்கு அவர் கோவையில் இருந்தார். படுத்திருந்தவர்களில் இருவர் வரவில்லை. வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் எழுந்து கிளம்பத் தெரிந்தவர்களே இந்த ஓட்டத்தை முடிக்கிறார்கள்.

பயிற்சிக்கு உங்களுக்கு வாய்த்திருக்கும் இடம் கோவைக்காரர்களுக்குக்கூட வாய்க்காது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலை கிழக்கு நோக்கி, காற்றின் முகத்துக்கே போகிறது. வாரத்தில் ஒரு நாள் அதில் எதிர்க்காற்றில் மிதித்துப் பழகுங்கள். மெதுவான கியருக்கு மாற்றி, நிமிடத்துக்கு எண்பது சுற்றாவது கால் சுழலும்படி இலேசாக மிதிக்க வேண்டும். கனமான கியரில் அழுத்தி மிதித்தால் முதலில் முட்டிதான் போகும். முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்திக்கொண்டால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும். வேகம் 12 காட்டினால் 12 என்று ஏற்றுக்கொள்ளப் பழகுவதுதான் இதில் பெரிய பயிற்சி. எதிர்க்காற்றில் கோபம் வந்து அழுத்துகிறவர்கள் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறார்கள்.

ஞாயிறு ஓட்டத்தை 60-இலிருந்து 75, 90, 100 என்று மெல்ல ஏற்றி, ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு 120-ஐ முடித்துவிடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். கடைசி வாரம் வேலைக்குப் போய்வருவது மட்டும். 200-ஐ முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, 120 ஓட்டியவர் 200 ஓட்டுவார். நாற்பது தாண்டியவர் என்பதால் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், படியேறும்போது நெஞ்சு இறுக்கம் தோன்றியிருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் காலுக்கு முன்பே வயிறுதான் கைவிடுகிறது.

உடம்பு தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து இரண்டு, மூன்று மணி நேரக் கடும் உழைப்புக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் கண் இருட்டும், கை நடுங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். அந்த நிலைக்கு வந்தபின் சாப்பிட்டுச் சரிசெய்வது பெரும்பாடு. எனவே கிளம்பிய முக்கால் மணியிலிருந்தே, பசிக்கிறதோ இல்லையோ, மணிக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போக வேண்டும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். ஒரு பழமும் ஒரு பெரிய கடலைமிட்டாயும் ஒரு மணி நேரத்துக்கு ஆகும். எனக்குப் பிடித்தது புழுங்கிய நேந்திரம்பழம். முதல்நாள் இரவே அவித்து, துண்டாக்கி, பொட்டலம் கட்டிச் சட்டையின் பின்பையில் வைத்துவிடுவேன். மிதித்துக்கொண்டே ஒரு கையால் எடுத்துத் தின்னலாம், வயிற்றில் கல்லாக உட்காராது. வழியெங்கும் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி உங்களைக் கூப்பிடும். ஒன்றோடு நிறுத்துங்கள், எண்ணெய் நெஞ்சைக் கரிக்கும். மதியத்துக்குத் தயிர்ச்சோறு, இட்லி, கஞ்சி, பயறு போன்றவை போதும். கனமான சாப்பாடு வேண்டாம்.

ராமசேரி இட்லி தடத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு எட்டுப் போய் வரலாமே என்று தோன்றும். தமிழகத்திலிருந்து குடிவந்த நெசவுக் குடும்பங்கள் மண்பானை மேல் துணி விரித்து வேகவைக்கும் அந்தத் தட்டையான இட்லிக்கு நானும் அடிமை. இன்னொரு ஞாயிறு போகலாம், நானும் வருகிறேன். ஓட்டத்தன்று நெடுஞ்சாலையை விட்டு விலக வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் இந்தக் காற்று ஒரு சூது செய்யும். தை மாதப் பகலிலும் பாலக்காட்டில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் உலர்ந்த காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே உறிஞ்சிவிடுவதால் சட்டை நனையாது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக் குடிக்காமல் விடுவீர்கள். மாலையில் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைசுற்றலும் வாந்தியும் வரும். ஒரு பாட்டிலில் தண்ணீர், மற்றொன்றில் ஓஆர்எஸ் கரைசல். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கெட்டியாகக் கரைத்தால் வயிறு ஏற்காது. கடைகளில் உப்புப் போட்ட நாரங்காவெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு, சம்பாரம் என்கிற மோர் இரண்டும் கிடைக்கும். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட சம்பாரம் ஒரு டம்ளர் உள்ளே போனால் அடுத்த இருபது கிலோமீட்டருக்குப் பேச்சே இல்லை.

சைக்கிளைப் பொறுத்தவரை உங்கள் ஹைபிரிட் போதும். புது வண்டி வாங்காதீர்கள், வாங்கினாலும் அதில் இந்த ஓட்டத்துக்கு வராதீர்கள். சீட் உயரத்தைச் சரிபாருங்கள். குதிகாலைக் கீழ்நிலையில் உள்ள பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி இலேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் 120 கிலோமீட்டருக்கு மேல் முட்டி பேசத் தொடங்கும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் வேறு உள்ளாடை வேண்டாம், தையல் உராய்ந்து புண்ணாகும். தொடையிடுக்கில் வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சப்படுகிற இந்தக் காரணத்தால் பாதியில் நிறுத்தியவர்கள் பலர்.

பஞ்சர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதுச்சேரியில் எனக்கு ஆனது என்னவென்றால், பின் டயரில் காற்று இறங்கியது. டியூபை மாற்றினேன், காற்றடித்தேன், கிளம்பினேன், அரை கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து டயரைக் கழற்றி, உள்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் ரோமம் அளவுக்கு ஏதோ குத்தியது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடக்கியபோதுதான் நான்கைந்து மில்லிமீட்டர் நீளக் கம்பி ஒன்று தலைகாட்டியது. வெடித்துச் சிதறும் லாரி டயர்களுக்குள் இருக்கிற எஃகு இழை அது. நெடுஞ்சாலை ஓரமெங்கும் கிடக்கும். நகம் வெட்டியின் முனையால் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து சிறிய இடுக்கி ஒன்று என் பையில் இருக்கிறது. புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். இழை இருந்தால் நூல் மாட்டும். டியூப் இரண்டு, டயர் நெம்பும் லீவர், ஒட்டும் சாமான், பம்ப், சிறிய ஸ்பேனர் தொகுப்பு, செயின் இணைக்கும் லிங்க், இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். உங்கள் டியூபின் வால்வு மெல்லிய வகையாக இருந்தால், சாதாரணக் கடைப் பம்பில் காற்றடிக்க உதவும் சிறிய பித்தளை அடாப்டரையும் மறக்காதீர்கள். ஊர்க்கடைகளில் அந்த வால்வுக்குப் பம்ப் கிடைக்காது. வீட்டில் இரண்டு முறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இந்த ஓட்டத்தின் அடிப்படை விதியே தன் காலில் தான் நிற்பது. வீட்டார் காரில் பின்தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுப்பது கூடாது. கன்ட்ரோல்களில் மட்டும்தான் வெளியார் உதவி பெறலாம். கடையில் வாங்கலாம், சக ஓட்டுநர் உதவலாம், பஞ்சர் கடைக்குப் போகலாம். இரண்டு, மூன்று பேராக ஒருவர் பின் ஒருவராகப் போய்க் காற்றின் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம். பாலக்காட்டில் திரும்பும்போது உங்கள் வேகத்துக்கு ஒத்த ஒருவர் தென்பட்டால் பேசிச் சேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அவர் முன்னால், ஐந்து நிமிடம் நீங்கள் முன்னால் என்று மாறி மாறிப் போனால் உழைப்பு கணிசமாகக் குறையும். முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசாத தூரம் முக்கியம். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஆசை வேண்டவே வேண்டாம்.

கிளம்பும்போது ஒரு கார்டு தருவார்கள். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் அதில் முத்திரையும் நேரமும் வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஏடிஎம் சீட்டையோ கடை ரசீதையோ சான்றாகக் கேட்பார்கள். சில குழுக்கள் செயலி வழியாகவும் பதிவு செய்கின்றன. கார்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், வியர்வையில் மை கரைந்துவிடும். ஹெல்மெட் கட்டாயம். தை மாதத்தில் காலை 6 மணிக்கு இருட்டாகத்தான் இருக்கும், மாலை 6.30-க்கு மீண்டும் இருட்டிவிடும். முன்னும் பின்னும் வண்டியில் பொருத்திய விளக்கும் ஒளி திருப்பும் மேலாடையும் இல்லாவிட்டால் கிளம்ப விடமாட்டார்கள்.

சாலையைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் உண்டு. சபரிமலைப் பருவம் மகரவிளக்கு வரை, அதாவது ஜனவரி 14 வாக்கில் வரை நீளும். விடியற்காலையில் வாளையார்ச் சாலையில் வரும் வேன்களின் ஓட்டுநர்கள் பலர் இரவெல்லாம் தூங்காதவர்கள். ஓரத்தை விட்டு நகராதீர்கள், இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகாதீர்கள். பாலக்காட்டைத் தாண்டிப் பறளி, மங்கரை, பத்திரிப்பாலை, லக்கிடி என்று போகும் சாலை குறுகியது, அழகானது, பாரதப்புழை பக்கத்திலேயே வரும். அதே சாலையில்தான் தனியார் பஸ்கள் நிமிடக் கணக்கு வைத்துப் பறக்கின்றன. பின்னால் ஹாரன் அடித்தால் பதறித் தாரை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் நான்கு விரல் பள்ளம் பல இடங்களில் உண்டு, முன்சக்கரம் அதில் விழுந்தால் கையெலும்பு போய்விடும். வண்டியை நேராக வைத்துக்கொண்டு மிதியுங்கள், அவர்கள் ஒதுங்கிப் போவார்கள். மூன்றாவது, கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில் யானை நடமாட்டம் உள்ள காடு. அங்கே இருட்டுவதற்குள் கடந்துவிட மேலே சொன்ன நேரக்கணக்கு உதவும். தாமதமாகிவிட்டால் தனியாகப் போகாதீர்கள், வனத்துறையினர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

முடியவில்லை என்றால்? நெஞ்சு வலி, தலைசுற்றல், நிற்காத வாந்தி, வலியால் பெடலை மிதிக்க முடியாத முட்டி, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். நிறுத்தியதை நடத்துபவர்களுக்குப் போனில் சொல்லிவிடுவது மட்டும் உங்கள் கடமை. சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் நள்ளிரவு வரை சாலையில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் தடத்தில் ஒரு வசதி உண்டு. ஷொரணூர், ஒற்றப்பாலம், பாலக்காடு, கஞ்சிக்கோடு, வாளையார், கோவை என்று ரயில் பாதை கூடவே வருகிறது. எங்கே நிறுத்தினாலும் ஊர் கைக்கெட்டும் தூரம்தான். வெறும் களைப்பு மட்டும் என்றால் உடனே முடிவு எடுக்க வேண்டாம். நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, இனிப்பும் உப்பும் கலந்து ஏதாவது குடித்துவிட்டு, பிறகு யோசியுங்கள். என் அனுபவத்தில் 130-ஆவது கிலோமீட்டரில் வரும் 'போதும்' என்ற எண்ணம் பெரும்பாலும் பசிதான்.

300, 400, 600 பற்றியெல்லாம் அங்கே பேச்சு அடிபடும். ஒரே பருவத்தில் 200-உடன் சேர்த்து இந்த நான்கு தூரத்தையும் முடித்தவரை சூப்பர் ராண்டனர் என்பார்கள். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அடுத்தது 2027-இல். கேட்டு மகிழுங்கள், தை மாதம் முடியும்வரை அதில் எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள்.

முதல்நாள் இரவே கோவைக்கு வந்து தொடங்குமிடத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து வேலந்தாவளம் வழியாக அந்தக் குளிரில் வந்து சேருவது ஓட்டத்துக்கு முன்பே ஓர் ஓட்டமாகிவிடும். முடித்த இரவிலும் அப்படித்தான். கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் உடம்பு அரைமணி நேரம் துள்ளும், வீடு வரை மிதித்தே போய்விடலாம் என்று தோன்றும். அதன்பின் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். தம்பியோ நண்பரோ வண்டி கொண்டுவந்து உங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும்படி இன்றைக்கே சொல்லி வையுங்கள். கோவை எல்லையில் அந்தக் கடைசி ஏற்றத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன், கையில் சம்பாரத்தோடு.